விருந்தாளிக்குக் காட்டாத கால்

வெள்ளை யூனிஃபோமைப் போட்டதும் ஒரு பெண்ணுக்குப் பசி, தாகம், சிறுநீர்ப்பை எல்லாம் இல்லாமல் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நடத்துகிற தொழில்தான் தாதித் தொழில். நான் இன்னும் மாணவிதான். ஆனாலும் இதைச் சொல்லுமளவுக்குப் பட்டுவிட்டேன். உங்களில் யாராவது தாதியர் கல்லூரியில் காய்ந்தவர்கள் இருந்தால், அல்லது அங்கே படிக்கிற மகள் லீவுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவதைப் பார்த்தவர்கள் இருந்தால், கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். எனக்கு இப்போது இருக்கிற கோபத்துக்கு நாலு பேர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

சோடாவும் சட்டமும்

சமூக சுகாதாரப் பயிற்சிக்கு எங்களைக் கற்பிட்டிப் பக்கம் பள்ளிவாசல்துறைக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய், சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்களைப் பார்த்து, அறிவுரை சொல்லிவிட்டு வர வேண்டும். இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்த ஜோடி ஜெசிந்தா. சிலாபக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் காரம். நான் புத்தளம் டவுனில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. எந்த வீட்டுக்குள் போனாலும் சோடா வரும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளாஸ் நிறைய, வேஃபர்ஸோடு வரும். வேண்டாம் என்றால் வீட்டுக்காரியின் முகம் சுருங்கிப் போகும்.

அதே நேரம், போகிற வீடுகளில் பாத்ரூம் கேட்கக் கூடாது என்பது எங்கள் டியூட்டர் மிஸ் போட்ட சட்டம். கேட்டால் கல்லூரியின் மானம் போய்விடுமாம். கிளினிக் கட்டடத்தில் ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரு பொறுப்பாளர், பொறுப்பாளருக்கு லீவு. ஆகவே சோடாவைக் குடிக்காவிட்டால் வீட்டுக்காரிக்கு அவமானம், குடித்தால் எங்களுக்கு அவஸ்தை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பின்னேரம் பஸ் வரும்வரை அடக்கிக்கொண்டு அந்தச் சுடுமணலில் நடப்போம்.

முதல் கிழமையே எனக்குச் சிறுநீர் எரிவு, பின்னால் காய்ச்சல். சுயபராமரிப்பு என்ற தலைப்பில் மிஸ் எங்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்ததும் அந்தக் கிழமைதான். தன்னைக் கவனிக்காதவளால் நோயாளியைக் கவனிக்க முடியாது என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, காய்ச்சலால் மட்டும் அல்ல. பாடம் முடிந்ததும் போய் என் நிலைமையைச் சொன்னேன். மிஸ் பரிவோடுதான் கேட்டார், தோளில் கைகூட வைத்தார். பிறகு சொன்னார்: "வெளிக்கிடுற நேரம் தண்ணி குடிக்காம வாங்களேன், பிரச்சினையே இல்ல."

புதுக் கட்டு

நாங்கள் போன வீடுகளில் ஸரீனா சாச்சியின் வீடும் ஒன்று. சாச்சி என்று நான்தான் கூப்பிட்டேன், என் உம்மாவின் தங்கை வயசு இருக்கும். கடற்கரையில் கருவாடு பரத்தி உழைத்துச் சாப்பிட்ட மனிசி. புருஷன் மௌத்தாகி இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அதனால் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாசமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிற காலத்தைத்தான் எங்களில் இத்தா என்போம். சாச்சிக்குச் சீனி வருத்தம் வேறு. இத்தாவுக்கு முன்னாலேயே, கருவாட்டு வேலையில் நிற்கும்போது காலில் மீன் முள் ஏறி, கிளினிக்கில் கொடுத்த குளிசையை விழுங்கியும் அந்தப் புண் ஆறாமல் கிடந்தது.

முன் அறையில் எங்களை உட்கார வைத்து, தானும் இத்தாவின் வெள்ளை உடுப்போடு வந்து உட்கார்ந்து காலை நீட்டினார். கட்டு பளிச்சென்று இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. "இவ்வளவு வடிவா எனக்கே கட்ட வராது," என்று ஜெசிந்தா என் காதுக்குள் சொன்னாள். அவிழ்த்துப் பார்க்கவா என்று கேட்டேன். இப்பத்தான் கட்டினது, வேணாம் என்றார். கேற்றடியில் குடையோடு நின்ற டியூட்டர் மிஸ், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கையைக் காட்டினார். நாங்கள் படித்ததை ஒப்புவித்தோம்: இனிப்பைக் குறையுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், காலை ஒவ்வொரு நாளும் பாருங்கள். அந்தக் காலை நாங்களே பார்க்கவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. சாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "ஓம் மகள், எல்லாம் செய்றேன். நீங்க முதல்ல சோடாவக் குடிங்க."

பின்பக்கம்

அடுத்த கிழமை அதே வீடு, அதே கதிரை. எனக்கு எரிவு தாங்க முடியவில்லை. மிஸ்ஸின் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று எழும்பி, சோடா எடுக்கக் குசினிக்குள் போய்விட்ட சாச்சியின் பின்னாலேயே போனேன், பாத்ரூம் எங்கே என்று கேட்க.

சீமெந்துத் தரையில் ஈரக் கால் தடம் இருந்தது. வலது கால் மட்டும். தண்ணீர் என்றால் அப்படி மணக்காது. பின்வாசலில் ஒரு பேசினுக்குள் பழைய துணிகள் ஊறிக் கிடந்தன, அதைச் சுற்றி இலையான் மொய்த்தது. நான் பாத்ரூமை மறந்துவிட்டேன். சாச்சியைக் குசினித் தரையிலேயே உட்கார வைத்துக் கட்டை அவிழ்த்தேன். மேலே வெள்ளைக் கட்டு. அதற்குக் கீழே ஊறிப்போன இன்னொரு கட்டு. அதற்கும் கீழே பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. சீனி உள்ள காலுக்கு நோவு தெரியாது. அந்தக் காலோடுதான் மனிசி எங்களுக்காக நின்று கிளாஸ் கழுவியிருக்கிறார். ஏன் சாச்சி இப்படிச் செய்தீர்கள் என்று கத்தியே விட்டேன். நான் ஏன் சத்தம் போடுகிறேன் என்று சாச்சிக்கு விளங்கவில்லை. "வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு ஊத்தையக் காட்டுறதா மகள்? அதான் நீங்க வாற நாளைக்கு மேல புதுசு சுத்துறேன்."

கேட்ட குற்றம்

கேற்றடிக்கு ஓடினேன். மிஸ், கால் அழுகிவிட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். குசினிக்குள் ஏன் போனாய் என்று மிஸ் கேட்டார். பாத்ரூம் கேட்கப் போனேன் என்றேன். அவ்வளவுதான். நடுத்தெருவில், வேலியடியில் நின்ற நாலு கழுதைகளுக்கு முன்னால் எனக்கு ஏச்சு விழுந்தது. கல்லூரியின் பெயர், யூனிஃபோமின் மரியாதை, தனக்கு மேலே உள்ளவர்களுக்குத் தான் என்ன பதில் சொல்வது, எல்லாம் வந்தது. கழுதைகளாவது இடையில் தலையைத் திருப்பிக்கொண்டன. மிஸ் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டார் சம்மதித்தால் அம்புலன்ஸ் கூப்பிடலாம் என்று பிறகு அவர்தான் சொன்னார். ஆனால் அந்தப் பிறகு வருவதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து வந்தது இது: "முதல்ல பாத்ரூம் விஷயத்தக் கதைப்பம், கால் பிறகு."

ஊர்க் கதை

வீட்டார் என்றால் சாச்சியின் மகன் நஸீர். நாங்கள் குசினிக்குத் திரும்பியதும் சத்தம் கேட்டுப் பின்பக்கத்திலிருந்து வந்தவர், உம்மா இத்தாவில் இருக்கிறா, வெளியே எடுக்க ஏலாது, முடிந்ததும் நானே கொண்டுபோகிறேன் என்றார். முடிவதற்கு இன்னும் பாதிக் காலம் கிடந்தது. அந்த விரல் அதுவரை காத்துக்கொண்டு இருக்காது. எனக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. நானும் முஸ்லிம்தான், என் வாப்பா மௌத்தான நேரம் என் உம்மா இத்தாவில் இருந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர் மருந்து எடுத்தவர், மருந்துக்குப் போகக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

நஸீர் பள்ளிவாசல் மௌலவிக்கே போன் போட்டார், எனக்குப் பதில் சொல்ல வைக்கலாம் என்ற நினைப்பில். மௌலவி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: அப்படி ஒரு தடையும் இல்லை, இப்பவே கூட்டிக்கொண்டு போங்கள், ஏன் இவ்வளவு நாளும் வைத்திருந்தீர்கள்? நஸீரின் முகம் சிவந்துவிட்டது. போனை வைத்தார், சுவரைப் பார்த்தார். புருஷன் போய் நாலு மாசம் ஆகவில்லை, அதற்குள் ஓட்டோவில் ஏறிப் போகிறாள் என்று தெரு பேசும், அந்தப் பேச்சைத் தான்தான் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய பயம். "மௌலவி சொல்லுவார் மிஸ். ஊர்க் கதைக்கு மௌலவியா வந்து பதில் சொல்லப் போறார்?"

யாரும் கேட்காத ஆள்

இவ்வளவு பேச்சும் நடந்தது சாச்சியின் தலைக்கு மேலே. மிஸ், மகன், மௌலவி, நான், எல்லாரும் சத்தம் போட்டோம். கால் யாருடையதோ அவரை ஒருவரும் கேட்கவில்லை. ஜெசிந்தாதான் சாச்சிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னாள்: இப்போது போனால் விரலோடு முடிந்துவிடும், பிந்தினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வரும். சாச்சி அந்தக் கறுத்த விரலைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "நஸீர், அந்த அபாயாவ எடுத்துத் தா. நாளைக்கு எனக்குக் கால் இல்லாட்டி ஊரா வந்து கருவாடு பரத்தித் தரப் போகுது?"

ஏன் இவ்வளவு லேட்

அம்புலன்ஸில் நானும் போனேன். ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த ஒரு பெரியவர், வெள்ளைக் கோட்டுக்காரர்தான், மூக்கைச் சுளித்துக்கொண்டு, உங்கட ஆக்கள் எப்பவும் இப்படித்தான், அழுகின பிறகுதான் காட்ட வருவீங்க என்றார். சாச்சி அபாயாவின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. முள் குத்தின உடனேயே கிளினிக்குக்கு வந்தவர் இவர், காலைப் பார்க்காமலே குளிசையும் செருப்பு அறிவுரையும் கொடுத்து அனுப்பினது நாங்கள், வெள்ளை உடுப்போடு வீட்டுக்குப் போய்ச் சோடா குடித்துவிட்டுத் திரும்பினதும் நாங்கள், பிந்தினது இவரா நாங்களா என்று கேட்டேன். வெள்ளைக் கோட்டுக்காரர் என் இடுப்புப் பட்டியின் நிறத்தைப் பார்த்தார், மாணவி என்று தெரிந்துகொண்டார். "ஸ்டூடன்ட் தானே? சத்தம் போடாம ஓரமா நில்லுங்க."

திரைக்குள்ளே

பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். கால் தப்பியது. வார்டில் இருந்த சிஸ்டர் ஒருவர், யாரும் கேட்காமலே மூலைக் கட்டிலைக் கொடுத்துச் சுற்றிவரத் திரை இழுத்துவிட்டிருந்தார். ஆகவே இத்தாவும் தொடர்ந்தது, மருந்து கட்டுவதும் தொடர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது சாச்சி, பெருவிரல் இல்லாமல் மணலில் எப்படி மகள் ஊன்றி நிற்பேன் என்று அழுதார். முதல் தடவை போனபோதே அந்தக் கட்டை அவிழ்த்திருந்தால் பக்கத்து விரலாவது மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து டியூட்டர் மிஸ்ஸும் வந்தார், பழங்களோடு. கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்று, இந்தப் பயிற்சியில் உங்கள் தொழில் வளர்ச்சி என்ன என்று கல்லூரியில் கேட்பார்கள், யோசித்து வையுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சாச்சி கண்ணைத் துடைத்துவிட்டு, கட்டிலோரச் சின்ன அலுமாரிக்குள் கையை விட்டு ஒரு சோடாப் போத்தலை எடுத்து என் கையில் திணித்தார். "குடிங்க மகள், பயப்படாம முழுசாக் குடிங்க. பாத்ரூம் அந்தா அந்தப் பக்கம். அண்டைக்கு நீங்க அதக் கேட்டு வராட்டி எனக்கு இந்தக் காலும் இல்ல."

மிஸ் ஜன்னலைப் பார்த்தார். நான் போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். பிறகு கல்லூரியில் தொழில் வளர்ச்சி பற்றிக் கேட்டபோது, ஒரு வீட்டின் சுகம் தெரிய வேண்டுமென்றால் முன் அறைக் கதிரையில் உட்காராமல் பாத்ரூம் எங்கே என்று கேளுங்கள் என்பதைப் பாடத்தில் சேர்க்கச் சொன்னேன், அதற்கும் ஒழுங்காக ஏச்சு வாங்கினேன்.