நோலா வெட்டிய கிளைகள்

மேற்கு ஆஸ்திரேலியாவில், எங்கள் டாரினப் ஊர்ப் பக்கம் காட்டுப்பூ பறித்தால் அபராதம். சட்டம் அரசாங்கத்துடையது என்றாலும், அதற்குச் சொந்தக்காரி நோலா டிரான்டர்தான் என்று ஊரே நினைத்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பெர்த்திலிருந்து வரும் பயணி எவனாவது ஒரு பூவைத் தொட்டால் போதும், "கையை எடு! உன் வீட்டுத் தோட்டமா இது?" என்ற கத்தல் என் கொட்டகை வரைக்கும் கேட்கும்.

அவளுடைய உயிர், என் வேலியை ஒட்டிய சாலையோரத்துக் கழுதைக்காது ஆர்க்கிட் திட்டு. மஞ்சளும் பழுப்புமான பூ. மேலே இரண்டு இதழ்கள் கழுதையின் காது மாதிரி விறைத்து நிற்கும். முன்பெல்லாம் திட்டு முழுக்கப் பூக்கும். அந்த செப்டம்பரில் ஆறே தண்டுகள். கோதுமை லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்த வந்த பொறியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"சாகப்போற பூவுக்காக ரோட்டை வளைக்க முடியாதும்மா. இந்த வருஷம் ஒரு காயாவது பிடிச்சா சொல்லுங்க, பார்ப்போம்."

அந்தக் காய்தான் வருஷக்கணக்காகப் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் நோலா வைத்த குறை என்ன? ஒவ்வொரு குளிர்காலமும் முட்டி தேய உட்கார்ந்து, சுற்றியிருக்கும் புதரையெல்லாம் வேரோடு பிடுங்குவாள். "அதுக்கு மூச்சு விட இடம் வேணும்டா மெர்வ். வர்றவங்க கண்ணுக்கும் தெரியணும்ல" என்பாள். தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாள் காலை என் ஆடு ஒன்று வேலி தாண்டி, சாலைக்கு எதிரே இருக்கும் காப்புக்காட்டில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்க நோலாவும் வந்தாள். காட்டுப் பட்டாணிப் புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதன் நடுவே இரண்டு கழுதைக்காதுகள். கீழ்ப்பூ வாடி, அதன் அடியில் பச்சைக் காய் பருத்திருந்தது!

ஆட்டின் காலை விட்டுவிட்டு நோலா மண்டியிட்டாள். பழுப்பு ரோமம் அடர்ந்த காட்டுத் தேனீ ஒன்று பட்டாணிப் பூ, பட்டாணிப் பூ என்று போய், அதே வேகத்தில் ஆர்க்கிட்டுக்குள்ளும் தலையை விட்டது. ஏமாந்து வெளியே வந்தது.

"இந்தப் பூவுல தேனே கிடையாது, மெர்வ்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பட்டாணிப் பூவுக்கு வர்ற தேனீ, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு இதுக்குள்ளயும் நுழையுது. அந்தப் பட்டாணியைத்தான் நான் வருஷா வருஷம் பிடுங்கி எறிஞ்சேன். காவல் காக்கிறேன்னு வம்சத்தையே அறுத்திருக்கேன்டா, பாவி!"

"விடு, மறுபடி நட்டா வளர்ந்துட்டுப் போகுது."

"எப்போ? அந்த ஆறு தண்டுப் பூவும் இந்த வாரமே கொட்டிடும். உன் கத்தரியைக் கொடு."

"நோலா, இது காப்புக்காடு..."

"கொடுடா!"

வெட்டினாள். ஊரையே விரட்டியவள், தன் கையாலேயே பூத்த கிளைகளை வெட்டினாள். என் வீட்டு ஜாம் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, ஆறு தண்டுகளைச் சுற்றிலும் கிளைகளை நிறுத்திவைத்தோம். வெயில் ஏறியது. ஒரு தேனீ இல்லை. கிளைகள் தலை சாய ஆரம்பித்தன. நான் பாட்டில்களில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். அவளோ கண்ணை எடுக்கவே இல்லை.

வந்தது தேனீ இல்லை, வனக்காவலர் டார்சி புல்லனின் வண்டி. யாரோ ஒரு பயணி போன் போட்டிருக்கிறான், கிழவி ஒருத்தி காட்டில் பூ வெட்டுகிறாள் என்று. டார்சி சின்ன வயதில் அவள் பேருந்தில் போனவன்.

"மிஸஸ் டிரான்டர், நீங்களா?" அவன் தொப்பியைக் கழற்றினான். "வெட்டினதை நான் எடுத்துட்டுப் போகணுமே."

"அபராதம் போடு, கட்டறேன். பாட்டிலைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு மேடம்." அவன் குனிந்து ஒரு பாட்டிலைப் பிடித்துவிட்டான். நோலா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் இடையில் புகலாமா வேண்டாமா என்று தவித்தேன்.

அப்போதுதான் அந்த ரீங்காரம் கேட்டது.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். தேனீ டார்சியின் கையிலிருந்த பாட்டிலில்தான் உட்கார்ந்தது. ஒரு பூ. இன்னொரு பூ. பிறகு பக்கத்து ஆர்க்கிட்டுக்குள் புகுந்தது. வெளியே வந்தபோது அதன் நெற்றியில் மஞ்சள் மகரந்தக் கட்டி ஒட்டியிருந்தது. அதோடு மேலே எழும்பியது.

"போகாதே" என்றாள் நோலா. கெஞ்சல்தான். அவள் கெஞ்சி அதுவரை நான் கேட்டதில்லை.

அது சாலை வரைக்கும் போனது. திரும்பியது. தூரத்துப் பாட்டிலின் கிளையைத் தடவிவிட்டு, கடைசித் தண்டின் பூவுக்குள் தலையைத் திணித்தது. வெளியே வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது; மகரந்தம் அந்தப் பூவிலேயே தங்கிவிட்டது, இனி காய் பிடிக்கும்.

டார்சி பாட்டிலை மெல்ல, எடுத்த இடத்திலேயே வைத்தான். நோலா தரையில் உட்கார்ந்து, அத்தனை வருஷமாகப் பெருக்கிப் பெருக்கி மொட்டையடித்த அந்த மண்ணைக் கையால் தடவி அழுதாள்.

"இப்ப அபராதச் சீட்டை எழுது டார்சி" என்றாள். "என்ன வேணும்னாலும் எழுது."