ஜன்னலைச் சாத்திச் சொல்லிக்கொடுத்த பாடம்

அந்த மே மாதம் முழுக்க நான் மாடி வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன். ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், என் அக்கா வீட்டுக்கு நேர் மேலே அவள் குடியிருந்தாள். அக்கா மகளுக்கும் அவள் மகனுக்கும் ஒரே வயது. இருவருக்கும் ஒரே பள்ளியில் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். இடங்கள் கொஞ்சம். நேர்முகத் தேர்வு வேறு.

நான் பி.எஸ்சி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கால் ஒரு இடத்தில் தரிக்காமல் திரிந்துகொண்டிருந்தேன். அக்காவுக்கு ஏழாம் மாதம். இந்தப் பள்ளி கிடைத்தால் ஐந்து நிமிட நடை. தவறினால் அடுத்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வயிற்றைத் தூக்கிக்கொண்டும், பிறகு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் அவள் தினமும் ரயில்வே மேம்பாலத்தில் படியேறி இறங்க வேண்டும். குழந்தையை நான் தயார் பண்ணுகிறேன் என்று கள்ளிக்குப்பத்திலிருந்து பையோடு வந்து இறங்கினேன்.

முதல் நாளே மாடிப்படியில் மாடி வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். பாரிவாக்கத்துக்காரி. பேச்சில் ஒளிவு மறைவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"இன்னாம்மா, கொயந்தைக்குப் பாடம் எடுக்க வந்துகீறியா? அதெல்லாம் வோணாம். அங்க ஒண்ணியும் கேக்க மாட்டாங்கோ. பேர் கேப்பாங்கோ, அவ்ளோதான்."

"அப்படியாக்கா?" என்றேன். ஒன்றும் கேட்காத இடத்தில் நேர்முகத் தேர்வு எதற்கு?

இரண்டு நாள் கழித்து, செய்தித்தாளில் சுற்றிய நீளச் சுருள் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். "காலண்டரு," என்றாள், நான் கேட்காமலே. மே மாதத்தில் யார் காலண்டர் வாங்குவார்கள்? அன்று சாயங்காலம் மேலேயிருந்து பையனின் குரல் ஏதோ ராகத்தில் இழுத்தது. நான் தலையை வெளியே நீட்டியதும் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறி அனல் காற்றையே சுற்றிச் சுற்றி இறக்க, நானும் குழந்தையும் தரையில் உட்கார்ந்து ஆங்கில எழுத்துகள், நிறங்கள், பழங்கள், இரண்டு பாட்டு எல்லாம் முடித்தோம். சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளை. கூடவே இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன்: இது நம் ரகசியம், ஜன்னல் சாத்தியிருந்தால்தான் சொல்ல வேண்டும், வேறு யார் இருந்தாலும் மூச்சு விடக் கூடாது. அதற்குத் தினமும் தனியாகப் பரீட்சை.

"மாடி அத்தை கேட்டா?"

"தெரியாதுன்னுவேன்."

"சாக்லேட் குடுத்தா?"

"வாங்கிக்குவேன். சொல்ல மாட்டேன்."

"அத்தை முன்னாடி சித்தியே சொல்லச் சொன்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "சித்தி சும்மா சொல்றா."

அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அக்கா கதவைத் தட்டி, "உள்ள என்னடி பண்றீங்க, கள்ள நோட்டா அடிக்கிறீங்க?" என்றாள்.

தேர்வு ஒரு வகுப்பறையில் நடந்தது. சுவரோரமாகப் போட்டிருந்த சின்ன பெஞ்சில் அடுத்தடுத்து வரவேண்டிய நாலு அம்மாக்கள், பிள்ளைகளோடு. எங்களுக்கு அடுத்தது மாடி வீட்டுக்காரி. எங்கள் முறை வந்ததும் தலைமை ஆசிரியை பென்சில் டப்பா ஒன்றை எடுத்துக் காட்டி என்ன கலர் என்று கேட்டார்.

குழந்தை ஜன்னலைப் பார்த்தாள். அகலத் திறந்திருந்தது. பெஞ்சைப் பார்த்தாள்.

"தெரியாது."

"சரி, ஏ ஃபார்?"

"தெரியாது," என்றாள், இன்னும் கம்பீரமாக.

அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. நான் குனிந்து, "இப்ப சொல்லலாம்டா. எல்லார் முன்னாடியும் சொல்லலாம்," என்றேன். என்னை ஏமாற்ற முடியாது என்கிற மாதிரி சிரித்துவிட்டு அவள் தலைமை ஆசிரியையிடம் திரும்பினாள்.

"சித்தி சும்மா சொல்றா."

அவர் பேனா மூடியைத் திருகினார். முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் மாடி வீட்டுக்காரி எழுந்தாள். குழந்தையையும் ஜன்னலையும் என்னையும் ஒரு தடவை பார்த்தாள். "வாங்கம்மா, கொஞ்சம் வெளிய நிப்போம். நம்ம மூஞ்சியப் பாத்தா அது பேசாது போல கீது," என்று மற்றவர்களையும் கிளப்பிக்கொண்டு போனாள். வராந்தாவிலிருந்து கை நீட்டி ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தியதும் அவள்தான். ஒரு மாதமாக எங்கள் ஜன்னல் சாத்தியே கிடந்ததை மேலிருந்து பார்த்தவள் அல்லவா.

குழந்தை எழுந்து போய், தலைமை ஆசிரியையின் காதில் இரண்டு கையையும் குவித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஏ முதல் இசட் வரை காதுக்குள்ளேயே. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்தும் அவர் நிமிரவில்லை. பென்சில் டப்பாவின் நிறம், மாம்பழம், பாட்டு, எல்லாம் கிசுகிசுவென்று போயின.

பாதிக்கு மேல் நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் கண் கதவிடுக்கில் இருந்தது. வெளியே, பெயர்ப் பட்டியல் வைத்திருந்த பியூனிடம் மாடி வீட்டுக்காரி ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அதுதானே, வெளியே போனதே இதற்குத்தானா?

வெளியே வந்து விசாரித்தால், எல்லோரையும் கிளப்பி வரிசையைக் கலைத்தவள் என்று பியூன் அவளைக் கடைசிக்குத் தள்ளியிருந்தான். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

"ஆவட்டும்," என்றாள் என்னிடம். "அதுக்குள்ள எம்புள்ளைக்கு இன்னொரு வாட்டி ஓட்டிப் பாத்துக்கிறேன். ஏபிசிடி நடுவுல சிக்கிக்கினு நிக்குது."

"ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களேக்கா."

"நீ மட்டும் ஜன்னலத் தொறந்து வெச்சிகினா சொல்லிக் குடுத்த?"

அக்கா சிரித்தேவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்தும் அதில் சந்தோஷப்பட முடியவில்லை. வராந்தா ஓரமாக அவளை அழைத்துப் போய், உள்ளே என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள் என்று சொன்னேன். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவள் பையனின் பெயர் எங்கள் பெண்ணின் பெயருக்கு மூன்று வரி மேலே இருந்தது. அது எப்படி? பியூனைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று இரண்டடி எடுத்து வைத்த பிறகுதான், பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருப்பதைக் கவனித்தேன்.