சுங்கச் சாவடியில் கிழிந்த வால்வு

காலை ஏழே காலுக்குச் சுங்கக் காவலர் இடுக்கியைக் கையில் எடுத்தார். அது கிழித்த லாரி டயரின் வால்வு ஊசி இன்றும் என் சட்டைப் பையில் கிடக்கிறது. அரை விரல் நீளம்கூட இல்லை. கழுத்தில் ரப்பர் வளையம் பிய்ந்து தொங்குகிறது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் வழியில் ஆங்கிலேயர் நிலம் கொஞ்சம் குறுக்கிடும். நம் ஊரிலிருந்து நம் ஊருக்கே போகிறவர்களும் அங்கே அவர்களுடைய சுங்கச் சாவடியில் இறங்கிச் சோதனைக்கு நிற்க வேண்டும். அன்று லாரியின் முன்னிருக்கையில் என் மகள் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். கரும்பு ஏற்றப் போன லாரி டிரைவர் இரக்கப்பட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

“என்னா முசியே, உம் பொண்ணு நல்லா நடிக்குதே,” என்றார் காவலர், பிரெஞ்சுக்கார மரியாதையில் கேலியாக. “போன மாசம் ஒருத்தி இப்படித்தான் கத்தினா. அவுத்துப் பாத்தா வயித்துல ஜரிகைக் கட்டு. டயருக்குள்ளயும் வச்சிக் கடத்துறானுவ.” முன்சக்கரத்தின் வால்வு ஊசியை இடுக்கியால் பிடித்து முறுக்கி உருவினார். காற்று சீறிக்கொண்டு போயிற்று. லாரி ஒரு பக்கம் சாய, மகள் அலறினாள். அவர் டயரை மிதித்துப் பார்த்து, “ஒண்ணுமில்ல, வெறுங்காத்து,” என்று சிரித்தார்.

டிரைவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் லாரியையே பிரித்துப் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சில நாள் அந்தப் பொறுமையின் மீதுகூட எனக்குக் கோபம் வருகிறது. ஊசியைத் திரும்ப மாட்டிப் பம்பு அடித்தார். காற்று நிற்கவில்லை. வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தார், குமிழி வந்தது. மணலாக இருக்கும் என்று ஊசியை வாயில் போட்டுச் சப்பித் துப்பிவிட்டு மாட்டினார். மறுபடியும் குமிழி. வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் வளையம் கிழிந்திருந்தது தெரிந்தது. ஓட்டை விழுந்து பின்னால் கிடந்த மாற்றுச் சக்கரத்தின் ஊசியைக் கழற்றி இதில் போட்டார். கிழிந்ததை என் கையில் திணித்து, “வச்சிக்குங்க வாத்யாரே, கீழ போட்டா அதுக்கும் ஏதாச்சும் சொல்வானுவ,” என்றார்.

நானும் பம்பு அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவள் குரலுக்குக் காது கொடுத்தேன். அது தேய்ந்துகொண்டே வந்தது.

குழந்தையின் முகத்தைப் பார்த்தோம், அழுகையைக் கேட்கவில்லை. மகள் பிழைத்தாள். இன்றும் தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொள்கிறேன்.

அன்று கடைசியில் எச்சிலில் குமிழி வரவில்லை. டிரைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏறப் போனார். அப்போது காவலரின் மேலாளான ஜமேதார் சைக்கிளில் வந்து இறங்கினார். மூடியிருந்த என் கையை விரிக்கச் சொல்லி ஊசியைப் பார்த்தார். முன்னிருக்கையை எட்டிப் பார்த்தார். பிறகு காவலர் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“மத்த சக்கரத்தெல்லாம் பாத்தியா?”