லயத்து முட்டை தின்ற உடம்பு

அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கொழும்பில் கடையில் நிற்கும் சித்தப்பா மகன் பார்த்திருக்கிறான். கட்டாரில் இருக்கும் மாமா பார்த்திருக்கிறார். போன மாதம் பேராதனை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் என் தோளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி ஹேவாஹெட்டப் பக்கமா? ரக்பி விளையாண்ட புள்ளதானே?" என்றார். ஆமாம் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல், ஜன்னல் கண்ணாடி இறுகிப்போனதுபோல் அதோடு மல்லுக்கட்டினேன். வீடியோவில் இருப்பது நான்தான். புல்வெளியில் ஓடுகிறேன், பின்னால் தப்பு மேளம் அதிர்கிறது, தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயத்துச் சனம் மொத்தமும் தொண்டை கிழியக் கத்துகிறது. ஆனால் அன்றைக்கு நான் விளையாடவில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கண்டியில் கொலேஜ் என்று பெயர்கொண்ட பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது மூளைக்காக அல்ல. ஓ.எல். பரீட்சை முடிந்ததும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கொலேஜ் கோச்சின் முன்னால் நிறுத்தினார். கோச் என் பெயரைக் கேட்கவில்லை. மாடு வாங்க வந்தவர்போல் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார், தோளை அமுக்கினார், திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு தராசில் ஏற்றினார். ஹொஸ்டலில் கட்டில் கிடைத்துவிட்டது. அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

என்னை ப்ரொப் ஆக்கினார்கள். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிராளிகளின் தலைகளுக்கு நடுவே தலையைச் செருகித் தள்ள வேண்டும். முன்வரிசையில் ஓரத்தில் நிற்பவன்தான் ப்ரொப். அவன் கையில் பந்து வருவதே அபூர்வம். சரியாமல் நிற்பதும், எதிர்ப்பக்கத்தை ஓரடி முன்னே வரவிடாமல் தடுப்பதும் அவன் வேலை. அதற்கு உடம்பு வேண்டும். ஹொஸ்டலில் காலையில் பாணும் பருப்பும், இரவில் சோறும் சம்பலும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. "வீட்டிலே சொல்லு, முட்டை சாப்பிடு, நிறையச் சாப்பிடு" என்று கோச் சிங்களத்தில் சொன்னார். நான் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அப்பா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கும் மஞ்சள் காமாலை கண்டவனுக்கும் வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுத்து உடம்பைத் தேற்றுவார்கள். கேட்க வேண்டியதில்லை, தானாக வரும். அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கண்டிக்குத் திரும்பும்போது ஒவ்வொரு காம்பரா வீட்டிலிருந்தும் முட்டை வரும். அம்மா வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கித் தருவாள். வளைவுக்கு வளைவு அதை மடியில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். எங்கள் வீட்டுக் கோழிகள் இட்டது ஒன்று விடாமல் அதற்குள் போய்விடும். எனக்கு இரண்டு வயது இளைய தங்கச்சி ஒருத்தி இருந்தாள். அவள்தான் காலையில் கூட்டுக்குள் கைவிட்டு முட்டைகளை எடுத்துத் துடைத்து வைப்பவள். அவளும் பள்ளிக்கூட வொலிபோல் டீமில் இருந்தாள். அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை.

உடம்பு ஊறியது. ஆட்டம்தான் ஊறவில்லை. கடைசி வருடத்தில் கண்டி டவுன் பையன் ஒருவன் என் இடத்துக்கு வந்தான். என்னைவிட எடை குறைவு, ஆனால் ஸ்க்ரம் கலைந்த மறுநொடி எழுந்து அடுத்த இடத்தில் நிற்பான். நான் அப்போதுதான் முழங்காலைத் தட்டிக்கொண்டிருப்பேன். நான் தோட்டத்துப் பையன், தமிழன், அதனால்தான் ஒதுக்கினார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவன் என்னைவிட நன்றாக விளையாடினான், அவ்வளவுதான். முன்வரிசைக்குப் பழக்கப்பட்ட மாற்று ஆள் வெளியே இருந்தே ஆக வேண்டும் என்று ரக்பியில் சட்டம். அந்தச் சட்டத்துக்காக என்னை பெஞ்சில் வைத்திருந்தார்கள்.

இதை வீட்டில் சொன்னேன். "டீம்ல இருக்கியா இல்லியா?" என்று கேட்டார் அப்பா. இருக்கிறேன் என்றேன். "அப்பறம் என்னா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது, முட்டை வந்துகொண்டே இருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயது ஆகவிருந்தது, அதற்குப் பிறகு கொலேஜ் டீமில் இடமில்லை. ஆகவே அந்த சீசனின் பெரிய மேட்ச்தான் எனக்கும் கடைசி. வரவேண்டாம் என்று சொல்லியும் லயத்துச் சனம் வேன் பிடித்து வந்துவிட்டது. மைதானத்தை ஒட்டிய மேட்டில் மற்றவர்கள் கொடியும் பாண்ட் வாத்தியமுமாய் நிற்க, இவர்கள் தப்போடு வந்திறங்கினார்கள். ஒரு ஐந்து நிமிஷமாவது இவர்கள் கண்முன்னே ஸ்க்ரமில் தலையை விட்டுவிட வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பெஞ்சில் இருப்பவனுக்கு ஒரு எடுபிடி வேலையும் உண்டு. கோலுக்கு உதைக்கும்போது பந்தை நிமிர்த்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும். உள்ளங்கை அளவு இருக்கும். நடுவர் கை காட்டியதும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓடிவர வேண்டும். அன்றைக்கு அது என் தலையில் விழுந்தது. முதல்தடவை ஓடினேன். மேட்டில் தப்பு வெடித்தது. எங்கள் பையன் உதைத்தான், பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, புள்ளி கிடைத்தது. பக்கத்து வீட்டு மாமா துண்டைச் சுழற்றி ஆடினார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த புள்ளிகளெல்லாம் உதையில் வந்தவைதான். ஆகவே என் சனத்தின் கண்ணுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. நம்ம பிள்ளை ஓடிப்போய் எதையோ வைத்தால்தான் புள்ளி வருகிறது. மற்றவர்கள் சும்மா சேற்றில் புரள்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆரவாரம் கூடிக்கொண்டே போனது. மற்ற ஸ்டாண்டிலிருந்து சிரிப்பும் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த டவுன் பையன் ஸ்க்ரமுக்கு அடியில் சிக்கி விழுந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். கோச் திரும்பி என்னைப் பார்த்தார். ஜெர்சிக்கு மேல் மாற்று ஆட்கள் போடும் பிப் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே போய் நின்றேன். அவன் எழும்பக் கூடாது என்று மாரியம்மாவைக் கும்பிட்டேன். காலையில் என் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டவன் அவன். அந்தக் கால் முறிந்திருக்கட்டும் என்று, வார்த்தை வார்த்தையாக, தமிழில், மனமறிந்து வேண்டினேன்.

அவன் எழும்பினான். நொண்டினான், காலை உதறினான், கட்டைவிரலைக் காட்டினான். நான் பிப்பை மறுபடி போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கடைசி உதைக்கு வளையத்தைக் கொண்டு ஓடினேன். அதில்தான் நாங்கள் ஜெயித்தோம். வீடியோவில் இருப்பது அந்த ஓட்டம்தான்.

மாலை போட்டார்கள். செவ்வந்தி மாலை, வேனில் வாடிப்போயிருந்தது. "மாமா, நான் விளையாடலங்க, சும்மா சாமான் கொண்டுபோய் குடுத்தேன், அவ்வளவுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "நீ வைக்காட்டி அவன் என்னத்தடா ஒதைப்பான்?" என்றார் மாமா. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று ஒரு அத்தை கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். உண்மையைச் சொல்லியும் பாராட்டு வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

திரும்பும்போது வேனில் தங்கச்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் ஒருமுறைகூடக் கை தட்டியதை நான் பார்க்கவில்லை. பின்சீட்டில் பாட்டு உச்சத்தில் இருந்தபோது என் காதருகே கேட்டாள். "அண்ணே, அந்த வளையம் என்னா பாரம் இருக்கும்?"

"பாரமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் தலையாட்டினாள். கேலியில்லை, கோபமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீசன் முடிந்துவிட்டது, ஆனாலும் விடிந்ததும் வாசலில் முட்டைகள் வந்து சேர்ந்தன, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே. அம்மா கூடையில் அடுக்கினாள். தங்கச்சி வந்தாள், கூடையிலிருந்து இரண்டை எடுத்தாள், தாச்சியில் உடைத்து ஊற்றினாள்.

"ஏன்டி, அது அண்ணனுக்கு" என்றாள் அம்மா.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு உப்பைத் தூவினாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். அவள் முழு முட்டை சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, கொடியில் காய்ந்த தன் வொலிபோல் ஜெர்சியை எடுத்து மடித்தாள். "எங்கடி போற?" என்று அம்மா கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு மாகாணப் போட்டி. அவள்தான் டீம் கெப்டன். இரண்டுமே எனக்கு அப்போதுதான் தெரியும்.