கவசம் போட்ட மந்திரவாதி

என் தம்பி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறான். பதினோரு வருட வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்பதைத் தவிர நாளெல்லாம் அவன் வாயிலிருந்து வேறு பேச்சு வருவது அபூர்வம். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாடு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவான். போதும் என்கிறானா, இன்னும் வேண்டும் என்கிறானா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவன் வாய் திறப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் முன்னறை மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்காருவார்கள். தம்பி கதை சொல்வான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, காட்டிலும் குகையிலும் சண்டை போடுவார்கள். அடி பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். விதிகள் முழுவதும் தம்பி தானாக யோசித்து எழுதியவை. நான் எட்டாவதோடு நின்றவள்; விளையாடுவதில்லை. அந்த விதிகளை ஒரு நோட்டில் பிழையில்லாமல் படி எடுத்து வைப்பது என் வேலை. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

மருந்துக்கடைக்காரர் எப்போதும் மந்திரவாதிதான். பழைய விதிப்படி மந்திரவாதி கவசம் அணிந்தால் மந்திரம் பலிக்காது. அதனால் வெறும் அங்கியோடு போவார், முதல் அடியிலேயே விழுவார். ஆறு வருடத்தில் பதினான்கு முறை செத்திருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எனக்கும் ஒரு இரும்புச் சட்டை குடு தம்பி, புண்ணியமாப் போகும்" என்றார். தம்பி மனம் இளகி விதியை மாற்றினான்.

அடுத்த மூன்று வாரமும் அவரை எந்த அரக்கனாலும் தொட முடியவில்லை. வாள்வீரனாக விளையாடும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வேலையே இல்லாமல் போனது.

"இவரே நெருப்பு விடுறாரு, இவரே அடியும் தாங்குறாரு. அப்ப நான் எதுக்கு தம்பி? டீ வாங்கிட்டு வரவா?" என்றார்.

"சர்க்கரை கம்மியா வாங்கிட்டு வாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அடுத்த ஞாயிறு டிரைவர் வரவில்லை. மிச்சம் இருந்தது மருந்துக்கடைக்காரரும், வில்லாளியாக விளையாடும் அவர் மனைவியும். "நாங்க ரெண்டு பேரு சண்டை போடறதுக்கு உங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்? அது எங்க வீட்டுலயே நடக்குது" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். தம்பி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். இந்த மேசையும் போய்விட்டால் அவனுக்குப் பேச வேறு இடம் இல்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

முதலில் ஒரு விதி எழுதினான்: கவசத்தோடு மந்திரம் போட்டால் பத்தில் மூன்று முறை தவறும். மருந்துக்கடைக்காரரிடம் காட்டினான். "பத்து மாத்திரைல மூணு வேலை செய்யாதுன்னு சொன்னா என் கடைக்கு எவன் வருவான்?" என்றார். கிழித்துப் போட்டான்.

வார்டில் படுத்திருப்பவர்களுக்குப் படம் எடுக்கும்போது கதிர் உடம்பில் படாமலிருக்கத் தம்பி ஈய ஏப்ரன் போட்டுக்கொள்வான். ஐந்து கிலோ எடை. அது கையைத் தடுக்காது, படமும் கெடாது. ஆனால் அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் தோள் கெஞ்சும். இரண்டாவது விதி அதிலிருந்து வந்தது. கவசம் மந்திரத்தைத் தடுக்காது. மந்திரம் போட்ட பிறகுதான் அதன் எடை தெரியும். தோல் கவசம் என்றால் ஒரு சுற்று, சங்கிலிக் கவசம் இரண்டு, இரும்புத் தகடு மூன்று. அத்தனை சுற்றும் மந்திரவாதி கை கால் அசைக்காமல் நிற்க வேண்டும். இரும்பு மேலேயே கிடப்பதால் கத்தி சுலபமாக ஏறாது. ஆனால் அசையாதவனைத் தூக்கி ஆற்றில் போடலாம்.

தாளை எடுத்துக்கொண்டு தம்பி நேரே ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகைக்குப் போனான். மதியச் சாப்பாடு கொடுக்கப் போன நானும் கூட இருந்தேன். டிரைவர் ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இதுல ஓட்டை இருக்கா பாருங்கண்ணே" என்றான்.

அவர் ஈரக்கையைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். "மந்திரவாதி நானா இருந்தா, கழட்டிப் போட்டுட்டு மந்திரம் சொல்லுவேன். சொல்லிட்டு மறுபடி மாட்டிக்குவேன். கழட்ட எவ்வளவு நேரம்னு நீ எழுதவே இல்லையேப்பா."

அந்தத் தாளில் என் தம்பி விட்ட பிழை அது ஒன்றுதான். அன்றே எக்ஸ்ரே அறையில் ஏப்ரனை ஐந்து முறை மாட்டி ஐந்து முறை கழற்றினான். நான் போனில் நேரம் பார்த்தேன். மாட்டப் பதின்மூன்று விநாடி, கழற்ற ஏழு. ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு விநாடி. இரண்டு ஒட்டுப்பட்டை உள்ள ஏப்ரனுக்கே இவ்வளவு என்றால், இருபது வார் உள்ள இரும்புக்குப் பத்து மடங்கு என்று எழுதினான். சண்டை நடுவே கழற்றும் பேச்சு அதோடு முடிந்தது.

"குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஞாயிறன்று டிரைவர் வந்து உட்கார்ந்தார்.

கதையில் ஒரு மரப்பாலம். மூன்று அரக்கர்கள். மருந்துக்கடைக்காரர் முழு இரும்போடு நெருப்பு விட்டார். இரண்டு அரக்கர்கள் சாம்பல். மூன்றாமவன் அவரைத் தூக்கி எறிய வந்தான். அவரோ மூன்று சுற்றுக்குச் சிலை.

"அண்ணே, கொஞ்சம் முன்னால வாங்களேன்" என்றார் டிரைவரிடம்.

"சரியா காதுல விழல."

"அண்ணே, தயவு பண்ணுங்க!"

"அவசரப்படாதீங்கண்ணே, நல்லா கெஞ்சட்டும். வீட்டுல நான் இதைக் கேட்டதே இல்ல" என்றார் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

டிரைவர் குறுக்கே நின்றார். முதல் சுற்றில் கேடயம் உடைந்தது. இரண்டாவதில் தோளில் வெட்டு. மூன்றாவதில் பகடையில் இரண்டு விழுந்தது; வாள்வீரன் செத்தான். அடுத்த நொடி மந்திரவாதியின் கை விடுபட்டது. கடைசி அரக்கனும் எரிந்தான்.

டிரைவர் மேசையில் ஓங்கித் தட்டினார். "ஒருத்தனைக் காப்பாத்திட்டுச் செத்தேன்யா! தம்பி, அடுத்த வாரத்துக்குப் புது ஆளு எழுதிக்க. வாள்காரன்தான்."

"இரும்புக்கு மூணு சுத்து சரியா இருக்காண்ணே?" என்று தம்பி கேட்டான்.

"பத்தாது. நாலாக்கு."

"நாலா? ரெண்டே ஜாஸ்தி!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இருவரும் குரலை உயர்த்திச் சண்டை பிடித்தார்கள். தம்பி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் இரும்புக்கு மூன்று சுற்று என்று மையால் எழுதினேன்.