முதல் கூடை உப்பு

மரக்காணம் உப்பளத்தில் இந்தப் பருவத்தின் முதல் உப்பை இன்று வாருகிறார்கள். முதல் கூடையை மட்டும் எடை போடாமல் ரோட்டோரம் கொட்டிவிடுவது இங்கே வழக்கம். போகிற வருகிற யாரும் அள்ளிக்கொள்ளலாம். அது தெரியாமல் நான் ஒரு பிடி அள்ளிவிட்டுப் பத்து ரூபாயை நீட்டுகிறேன். கூடையைக் கொட்டிய அம்மாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது.

“காசை உள்ள வைங்க சார். வெள்ளைக்காரன் காலத்துல ஒரு பிடி அள்ளுனாலே கேஸு. சுதந்திரம் வர்ற நேரத்துலதான் உப்பு வரியை எடுத்தாங்க. கஜானாவுல காசில்லாத புது கவர்மெண்ட்டு சார் அது. அதுவே விட்டுக்குடுத்துச்சு, நாங்க ஒரு கூடை விட்டுக்குடுக்க மாட்டமா?”

அந்தக் கூடைக்கு அந்த அம்மாவுக்கும் கூலி கிடையாது என்கிறார் பக்கத்தில் நிற்பவர். நான் ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்துகிறேன்.