தலையில்லாக் கொசுவின் முட்டை

கொசுவுக்குச் சாப்பாடு போட்டுச் சம்பளம் வாங்குகிற மனிதரை யார் மதிப்பார்கள்? கட்டின மனைவியே மதிக்கவில்லை. "ஊரே கொசுவை அடிச்சு விரட்டுது, இந்த மனுஷன் அதுங்களுக்கு ரத்தம் சூடு பண்ணி வைக்கிறாரு" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி சொல்வாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லாரும் சர்வர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவர். சாப்பிட்டு முடித்தவரை எழுந்திருக்கச் சொல்வது அவர் கணக்கில் மகா பாவம். வாசலில் கூட்டம் முட்டி மோதும். இவரோ உண்ட மயக்கத்தில் இருப்பவருக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் வைப்பார். முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கொசு அறை அவருக்குச் சொர்க்கம். வெதுவெதுப்பான அறை, வரிசையாக வலைக் கூண்டுகள். ஆண் கொசுக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. பெண்களுக்கு மட்டும் மெல்லிய சவ்வு கட்டிய கிண்ணத்தில் ரத்தம். பிறந்த கையோடு வைத்தால் சீண்டக்கூட மாட்டார்கள். உடம்புக்குள் ஒரு ஹார்மோன் ஊறி அவர்களைத் தயார்ப்படுத்த வேண்டும். அதுவரை எப்பேர்ப்பட்ட விருந்துக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண்ணுக்கு ஒரே கேள்வி. ஏற்கெனவே ஆராய்ந்து பார்த்த கொசு இனத்தில், ரத்தம் குடித்ததும் மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, சினைப்பையைத் தட்டி எழுப்பும். சினைப்பை இன்னொரு ஹார்மோனை அனுப்பும். அந்த உத்தரவு கிடைத்த பிறகே உடம்பு மஞ்சள் கருவைத் தயாரித்து முட்டைகளைக் கொழுக்க வைக்கும். அவள் வளர்த்ததோ வேறு இனக் கொசு. இதற்கும் அதே கதைதானா?

"அண்ணே, குடிச்சு முடிச்ச உடனே ஐஸ்ல மயக்கி தலையை எடுத்துடுங்க. தலை இல்லாமயும் சில நாள் உயிரோட இருக்கும். முட்டை வருதான்னு பாப்போம்" என்று சின்னக் கத்தரியைக் கையில் கொடுத்தாள்.

வந்தது. தலையில்லாத கொசுக்களின் வயிறு நிறைய முட்டை.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இந்தக் கொசுவுக்கு மூளையே தேவையில்லைண்ணே! நாளைக்கு எல்லாப் பேராசிரியருங்க முன்னாடியும் சொல்லப் போறேன்!"

சர்வர் உடனே வெட்டவில்லையே! சொன்னால் கொசு அறை போய்விடும், காலமெல்லாம் பாட்டில் கழுவ வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணை நாளைக்கு நாலு பேர் நடுவில் நார் நாராகக் கிழித்துவிடுவார்கள். அறைக்குள் குட்டி போட்ட பூனையாக உலாத்தினார். பிறகு நேராகப் போய் அவள் மேஜை முன் நின்றார்.

"அம்மா, நான் சாயங்காலம்தான் வெட்டினேன்."

"எது சாயங்காலம்?"

"காலையில வயிறு முட்டக் குடிச்சிட்டு அக்கடான்னு உக்காந்திருந்துச்சுங்கம்மா. சாப்பிட்ட கையோட எப்படி... மனசு வரலை. கொஞ்சம் இளைப்பாறட்டும்னு விட்டுட்டேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. மூளை தன் வேலையை நிதானமாக முடித்து, ஹார்மோனை அனுப்பிய பிறகுதான் தலை போயிருக்கிறது. இவ்வளவு நாள் உழைப்பு! அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவருக்கும் ஓவென்று அழுதுவிடலாம் போலிருந்தது.

"என்னை பாட்டில் கழுவ அனுப்பிடுங்கம்மா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, யாருமே எதிர்பாராதபடி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கொசுவுக்கு மரியாதை பாக்குற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்? நாளைக்கு ஒண்ணும் பேச வேண்டாம். முதல்ல இருந்து பண்ணுவோம். நீங்க சாப்பாடு போடுங்க, நான் வெட்டுறேன்."

அவர் ரத்தத்தைச் சூடாக்கிக் கூண்டின் மேல் வைத்தார். கொசுக்கள் குடித்து முடித்ததும் அவள் கத்தரியை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்மா" என்ற சர்வர், சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ம்... இப்ப" என்றார்.